பழைய தமிழ்ப் படம் பார்க்கத் தொடங்குகிறவருக்கு: பின்னோக்கிப் போகும் ஒரு பாதை

பழைய படங்களை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கும் இளைஞர்களுக்குப் பெரியவர்கள் உடனே ஒரு பட்டியலை நீட்டிவிடுகிறார்கள். பட்டியலின் தலையில் ‘பராசக்தி’ இருக்கும். கேட்டவரும் மரியாதையோடு உட்கார்ந்து பார்ப்பார். அரை மணி நேரம் கழித்து, “ஏன் எல்லோரும் கத்துகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். அதன்பிறகு பழைய படம் என்றாலே அவருக்கு ஓர் அலுப்பு வந்துவிடும். இதில் படத்தின் மேலும் தவறில்லை, பார்த்தவர் மேலும் தவறில்லை. வரிசைதான் தவறு.

காலவரிசையில் பார்க்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த வகை ஒன்று இருக்கும். நகைச்சுவையோ, துப்பறிதலோ, இசைக் கதையோ, அழுத்தமான குடும்பக் கதையோ, அதை எடுத்துக்கொண்டு 1990-இலிருந்து பின்னோக்கி இறங்குங்கள். ஒவ்வொரு படமும் தனக்கு முந்தைய படத்துக்கு வழி காட்டும். கீழே உள்ளவை எனக்குப் பிடித்த படங்கள். வேறொருவர் எழுதினால் பாதி மாறும், மாறட்டும்.

படத்துக்கு முன் பிரதி

முதல் வேலை, நல்ல பிரதியைக் கண்டுபிடிப்பது. பழைய படம் பிடிக்கவில்லை என்று சொல்லும் பலர் உண்மையில் பார்த்தது மோசமான பிரதியைத்தான்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் ‘ராஜராஜ சோழன்’ (1973). அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம். ஆகவே இன்றைய தொலைக்காட்சித் திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுவதும் நிறைந்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. படத்தை அகலமாக இழுத்திருக்கிறார்கள், அப்போது எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அப்போது நடனக் காட்சியில் பாதங்கள் காணாமல் போயிருக்கும். இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து ஓடும் நேரம். 1960களின் படங்கள் பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு பிரதி முடிகிறது என்றால் பாடல்களையோ துணைக்கதையையோ யாரோ கத்தரித்திருக்கிறார்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே பல படங்களை யூடியூபில் முழுமையாக வைத்திருக்கின்றன. ஒரே படத்தின் இரண்டு மூன்று பதிவுகளை ஒப்பிட்டு, நீளமானதையும் ஒலி தெளிவானதையும் தேர்ந்தெடுங்கள். ஒலியை நான் படத்தைவிட முக்கியமாகச் சொல்வேன். கீறல் விழுந்த பிம்பத்துக்குக் கண் பழகிவிடும். இரைச்சலுக்குள் வசனத்தைத் தேடுவது அப்படியல்ல.

இடைவேளையை மதியுங்கள். இந்தப் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. ஒரே மூச்சில் முடியாவிட்டால் இடைவேளையில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். இருபது நிமிடம் இன்று, இருபது நிமிடம் நாளை என்று துண்டு போட்டால் எந்தப் படமும் நிற்காது.

முதல் படி: சிரிப்பிலிருந்து

தொடக்கத்துக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990). சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், நான்கு வேடத்தில் கமல்ஹாசன். பலர் இதைத் துண்டுக் காட்சிகளாகப் பார்த்திருப்பீர்கள். முழுதாகப் பார்க்கும்போதுதான் நான்கு பேரின் கதையும் எப்படிப் பல்சக்கரம்போல் ஒன்றையொன்று சுழற்றுகிறது என்பது தெரியும். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் இருக்கும் கல்யாண வீட்டில் சாம்பாரில் மீன் விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விழுவதில் இருக்கும் சிரிப்பைவிட, அதை மறைக்கப் படும் பாட்டில் இருக்கும் சிரிப்பு அதிகம்.

அங்கிருந்து நேராக 1964-க்குப் போங்கள்: ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. இது ஈஸ்ட்மன் கலரில் எடுத்த படம் என்பதால் கறுப்பு வெள்ளைத் தயக்கமும் வராது. இதில் நாகேஷின் செல்லப்பா, ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்ற பெயரில் படம் எடுக்கத் துடிக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை. தன் அப்பா விஸ்வநாதனிடம் பேய்க் கதை ஒன்றைச் சொல்லுவார். கதை சொல்லும் நாகேஷை எல்லோரும் புகழ்கிறார்கள். என் கண் எப்போதும் அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவின் மேல்தான். வசனமே இல்லாமல், கேட்டுக் கேட்டே பயப்படும் அந்த முகம் இல்லாவிட்டால் காட்சி பாதிதான். நடிப்பு என்பது பேசுவது மட்டுமல்ல, கேட்பதும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னும் துணிவு இருந்தால் ‘சபாபதி’ (1941). பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏ.வி. மெய்யப்பன் எடுத்தது. மந்தமான பணக்காரப் பிள்ளையாக டி.ஆர். ராமச்சந்திரன், அவனைவிட மந்தமான, அதே பெயர் கொண்ட வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். எஜமான் சொன்னதைச் சொன்னபடியே செய்யும் வேலைக்காரன் என்ற ஒரே வித்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போக முடியுமா என்று வியப்பாக இருக்கும். முதல் வாரத்திலேயே இதைப் பார்க்க வேண்டாம். முதல் இரண்டும் பிடித்தால் பாருங்கள்.

இரண்டாம் படி: காதைப் பழக்குதல்

இப்போது அந்தக் ‘கத்தல்’ விஷயத்துக்கு வரலாம். சிவாஜி கணேசன், எம்.ஜி.ஆர். இருவருமே சிறுவயதில் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கிய குரல் அது. கேட்க வந்தவர்களும் வசனத்துக்காகவே வந்தார்கள். ‘திருவிளையாடல்’ (1965) வசனம் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கியில் ஓடிய ஊர் இது. படத்தைப் பாராமலே தருமியையும் நக்கீரரையும் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் உண்டு.

அதனால் காதைப் பழக்க ‘திருவிளையாடல்’தான் சரியான இடம். தருமிக் காட்சியில் நாகேஷ் பேச்சு வழக்குக்கு அருகில் நிற்கிறார், சிவாஜி செந்தமிழின் உச்சியில் நிற்கிறார். இரண்டு சுருதிகளும் ஒரே காட்சியில் மோதுவதால் இரண்டையும் காது பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு நக்கீரராக வருபவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான். கடவுளிடம் குற்றம் கண்டுபிடிக்கும் வேடத்தை இயக்குநர் தனக்கே எடுத்துவைத்துக்கொண்டது எனக்கு எப்போதும் சுவையாகப் படுகிறது.

இதற்குப் பிறகு ‘பராசக்தி’ (1952) பாருங்கள், முன்பல்ல. கலைஞர் மு. கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், சிவாஜியின் முதல் படம். நீதிமன்றக் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்தவர்கள் அதை ஒரு பேச்சுப் போட்டியாக நினைத்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சிதறிய குடும்பமும், பசியும், விதவையான தங்கையும் அந்தக் காட்சிக்கு முன் வந்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டி வந்தால்தான் கூண்டில் நிற்கிறவன் ஏன் அவ்வளவு பேசுகிறான் என்பது புரியும்.

மூன்றாம் படி: ஒரு நூலைப் பிடித்து இறங்குவது

பின்னோக்கிப் போகும் முறைக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் எடுத்துக்காட்டு இது. கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989) எல்லோருக்கும் தெரியும். வாழைப்பழக் காட்சியாவது தெரியாமல் இருக்காது. போட்டி போடும் இரண்டு ஆட்டக் குழுக்கள், தலைமைக் கலைஞர்கள் இருவருக்குள் காதல், இடையில் குறுக்கிடும் பெரிய மனிதர்கள். இந்த எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வந்து நிற்கும்.

அது கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவல். ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, நாட்டியக்காரி மோகனாம்பாளாகப் பத்மினி. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் விரல்களையும் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பார்த்தால் அதை நம்ப மனம் வராது. ‘நலந்தானா’ பாட்டில் மோகனாம்பாள் சபை நடுவே ஆடிக்கொண்டே, காயம்பட்ட கையோடு வாசிப்பவரிடம் நலம் விசாரிக்கிறாள். சபைக்கு அது நாட்டியம், அவர்கள் இருவருக்கும் அது உரையாடல். பாட்டு வந்தால் தள்ளிவிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு பாட்டிலேயே அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். பாட்டைத் தள்ளினால் கதையின் நடு முடிச்சே போய்விடும்.

தவிலோடு வரும் பாலையாவையும், வைத்தியாக வந்து வீடு வீடாகக் கலகத் தீ வைக்கும் நாகேஷையும், ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவையும் தனித்தனியாகக் கவனிக்க இரண்டாவது முறை பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள். அவர்கள் காட்சிக்கு முன்பே வசனத்தைச் சொல்லிவிடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கதையைத் தெரிந்துகொள்ளாமல் பார்க்க வேண்டிய இரண்டு

‘அந்த நாள்’ (1954), ‘புதிய பறவை’ (1964). இரண்டையும் பற்றி எதையும் படிக்காதீர்கள். யூடியூப் பதிவின் கீழே உள்ள கருத்துகளைக்கூட.

‘அந்த நாள்’ வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். தயாரித்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ பாதிப்பில், ஒரே கொலையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும் கட்டுமானம். இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். படம் அங்கேதான் தொடங்குகிறது. திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரியாக வருகிறார். பழைய படம் மெதுவாக நகரும் என்ற எண்ணம் இருப்பவர்களுக்கு நான் கொடுக்கும் மருந்து இது. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகளில் அதே சிவாஜி இவ்வளவு அடங்கிய குரலில் பேசியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். குரல் அவருக்குத் தேர்வாக இருந்தது, இயலாமையாக அல்ல.

‘புதிய பறவை’ வண்ணப் படம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் படி: 1978-இல் என்ன நடந்தது

இந்தப் பாதையில் நான் மிகவும் விரும்பும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று போகலாம்.

முதலில் ‘தங்கப்பதக்கம்’ (1974) பாருங்கள். மேடையிலிருந்து திரைக்கு வந்த கதை. நேர்மையான போலீஸ் அதிகாரி சௌத்ரியாகச் சிவாஜி, தவறான வழியில் போகும் மகன். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு வசனம், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கைதட்டல். எழுதியவர் மகேந்திரன்.

மறுநாள் ‘முள்ளும் மலரும்’ (1978) பாருங்கள். எழுதி இயக்கியவர் அதே மகேந்திரன். அவர் இயக்கிய முதல் படம். உமாசந்திரனின் நாவலைத் தழுவியது. மலைப்பகுதி மின் நிலையத்தில் விஞ்ச் (கம்பிவடத்தால் இழுக்கும் வண்டி) ஓட்டும் காளியாக ரஜினிகாந்த், தங்கை வள்ளியாக ஷோபா, புதிதாக வரும் எஞ்சினியராகச் சரத்பாபு. அண்ணன் தங்கைப் பாசம் என்றால் தமிழ் சினிமா அதுவரை பக்கம் பக்கமாகப் பேசிவந்தது. இங்கே காளி பாசத்தைச் சொல்வதே இல்லை. பாலு மகேந்திராவின் கேமரா காற்றையும் பனியையும் முகங்களையும் காட்டிக்கொண்டே இருக்கிறது. பேச்சு நின்ற இடத்தை இளையராஜா எடுத்துக்கொள்கிறார். வசனம் எழுதிப் பெயர் வாங்கிய ஒருவர், வசனத்தைக் கைவிட்டு எடுத்த படம் என்பது முந்தைய நாள் ‘தங்கப்பதக்கம்’ பார்த்திருந்தால்தான் உறைக்கும். தனியாகப் பார்த்தால் ‘நல்ல படம்’ என்று மட்டும் தோன்றும்.

மகேந்திரன் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, அங்கே வந்திருந்த எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ் சினிமா வாழ்க்கையிலிருந்து விலகி நிற்பதை விமர்சித்துப் பேசியவர். அந்தப் பேச்சைக் கேட்டு எம்.ஜி.ஆரே பாராட்டினார், பின்னர் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதவும் சொன்னார். பேசிய பேச்சுக்கு ஏற்ற படத்தை எடுக்க அவருக்கு அதன்பின் பல ஆண்டுகள் ஆயின. நடுவில் எழுதியவைதான் அந்தக் கைதட்டல் வசனங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: முந்தைய ஆண்டே தமிழ் சினிமாவை ஸ்டுடியோவுக்கு வெளியே இழுத்துவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977), புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பொறி எடுத்துக்கொண்டு மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ (1979). பின்னதின் கடைசிக் காட்சி ஆற்றங்கரையில் நடக்கும். அது முடிந்ததும் உடனே இன்னொரு படத்தைப் போட்டுவிடாதீர்கள்.

ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) தனி. வண்ணம் வழக்கமாகிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். மஞ்சுவாக ஸ்ரீப்ரியா, அவளைப் புரிந்துகொள்ள விரும்பும் ஆவணப்பட இயக்குநராகக் கமல்ஹாசன், நெற்றியில் விபூதியும் வாயில் பெண் வெறுப்புமாக ரஜினிகாந்த். இரண்டு நாயகர்களின் ரசிகர்களுக்கும் பிடிக்காத படமாக இருப்பதே அதன் தகுதி என்று நினைக்கிறேன். இதை முதல் பத்துப் படங்களுக்குள் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: எம்.ஜி.ஆர். படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள்

இரண்டு வரியில் முடிக்கலாம். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை (1965) நான்கைந்து பேராவது கூடிப் பாருங்கள். கோழை ராமு, துணிச்சல்காரன் இளங்கோ என்று இரட்டை வேடம். சவுக்கு நம்பியார் கையிலிருந்து எம்.ஜி.ஆர். கைக்கு மாறி ‘நான் ஆணையிட்டால்’ தொடங்கும்போது அறையில் நாலு பேர் இல்லாவிட்டால் அந்தப் படம் பாதி வேலைதான் செய்யும்.

ஏழாம் படி: பிரிக்கவேண்டிய இரட்டை

‘காதலிக்க நேரமில்லை’ பிடித்திருந்தால், அதே ஸ்ரீதரும் அதே ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பாருங்கள். அங்கே வெளிப்புறமும் வண்ணமும். இங்கே கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய முழுக் கதையும் ஒரு மருத்துவமனைக்குள். நோயாளியாகக் கணவன், மருத்துவராகப் பழைய காதலன், நடுவில் தேவிகா. ‘சொன்னது நீதானா’ பாட்டில் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து போகும். இடம் சிறிதாக இருந்ததால் கேமரா வழி தேடியிருக்கிறது. அந்தத் தேடலே காட்சியின் தவிப்பாக மாறிவிட்டது. கதையில் மிகை உண்டு, தியாகத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் ஓர் இயக்குநர் இரு எதிர்த் திசைகளில் இவ்வளவு தேர்ச்சியோடு போனதைப் பார்க்க இந்த இரட்டையை விட்டால் வேறில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டாம். பின்னதன் கண்ணீர் முன்னதன் சிரிப்பைக் கெடுக்கும்.

எட்டாம் படி: ‘வீடு’

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) சிறந்த தமிழ்ப் படத்துக்கும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கும் தேசிய விருது பெற்றது. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவின் மனையில் சுதா சொந்தமாக வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை. கடன் விண்ணப்பம், ஒப்பந்தக்காரர், சிமென்ட் மூட்டை என்று அலுவலகக் காகிதங்களுக்குள்ளேயே ஒரு திகில் படம் நடக்கிறது. பாட்டு கிடையாது; இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ இசைத் தொகுப்பு பின்னணியில் வருகிறது. தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வெயிலில் குடையோடு தனியே கிளம்பிவரும் காட்சிக்காக மட்டுமே இந்தப் படத்தைப் பலமுறை பரிந்துரைக்கலாம். வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

கடைசிப் படி: 1940கள்

மேலே உள்ளவற்றில் ஏழெட்டு பிடித்துவிட்டால் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வுக்கு (1948) நீங்கள் தயார். பிரம்மாண்டம் என்றால் என்ன என்று ஜெமினி ஸ்டுடியோ நாட்டுக்கே காட்டிய படம். முரசு நடனத்தை மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள். சர்க்கஸ், என்.எஸ். கிருஷ்ணன்–டி.ஏ. மதுரம் நகைச்சுவை, அரண்மனைச் சதி எல்லாவற்றையும் கடந்து வந்தபின் அந்த முரசுகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது தெரியவேண்டும். அதன்பிறகு ரஞ்சனும் எம்.கே. ராதாவும் மோதும் நீண்ட வாள் சண்டையும் இருக்கிறது. நடுப்பகுதி இழுக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். இடைவேளைக்குப் பிறகு ஒரு காபியோடு உட்காருங்கள்.

இதற்கும் கீழே இறங்க விரும்பினால் பிரதிகள் குறைந்துகொண்டே போகும். தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) நல்ல தேர்வு. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிய படம், பாபநாசம் சிவனின் பாட்டுகள். கர்நாடக இசையில் காது இருக்கிறவர்கள் தயங்காமல் போகலாம். இல்லாதவர்கள் 1948-இலேயே நின்றுகொள்ளலாம், குற்றமொன்றும் இல்லை.